கேளாத செவிகள் தந்த கொடை

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஐந்தாம் வகுப்பு மாணவனைக் கேட்டாலும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று தயங்காமல் சொல்லிவிடுவான். அவர் என்ன தொழில் செய்தவர் என்று கேட்டுப் பாருங்கள். விஞ்ஞானி என்பான்; இல்லையேல் மின்சாரப் பொறியாளர் என்பான். இரண்டும் அல்ல. அவர் ஒரு பள்ளி ஆசிரியர். காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். மின்சாரத்தைப் பற்றி அவரைவிட நன்றாக அறிந்த வல்லுநர்கள் அன்றைய அமெரிக்காவில் பலர் இருந்தனர். தந்திக் கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு, நல்ல கருவிகளை வைத்துக்கொண்டு அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கிட்டாதது இந்த வாத்தியாருக்கு எப்படிக் கிட்டியது?

மாணவ நண்பர்களே, பெல்லின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று வியப்பாக இருந்தது. அவருக்குக் கிடைத்த செல்வம், புகழ், இல்லற வாழ்வு ஆகிய அனைத்தும் காது கேளாதோர் வழியாகவே அவரிடம் வந்து சேர்ந்தன. எங்கே அவர் பரிவு காட்டினாரோ அங்கிருந்தே அவருக்கு வரவும் இருந்தது. வரவை எதிர்பார்த்து அவர் பரிவு காட்டவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் பெல் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மெல்வில் பெல், பேச்சுக்கலை ஆசிரியர். தாய் எலிசா கிரேஸ். அந்த அம்மையாருக்குக் காது கேட்கும் திறன் மிகக் குறைவு. ஆயினும் பியானோ வாசிப்பதில் வல்லவர். செவிக்குழாய் ஒன்றின் முனையைப் பியானோவின் பலகைமீது ஊன்றிக்கொண்டு, மறுமுனையைக் காதில் வைத்து, தான் வாசிப்பதைத் தானே கேட்பாராம். மகனுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவரும் அவரே.

வீட்டுக்கு வருவோர் அந்தச் செவிக்குழாய்க்குள் உரக்கக் கத்திப் பேசினர். சிறுவன் அலெக் மட்டும் வேறு வழி கண்டுபிடித்தான். தாயின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தாழ்ந்த, கனத்த குரலில் மெல்லப் பேசுவான். குரலின் அதிர்வு எலும்பின் வழியே தாய்க்குப் போய்ச் சேரும். கூட்டத்தில் பலர் பேசும்போது, தாயின் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதை விரலெழுத்தால் அவருக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருப்பான்.

எங்கள் தெருவில் காது மந்தமான ஒரு பாட்டி இருந்தார். எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசுவோம். கத்துகிறபோது முகத்தில் எரிச்சல் வந்துவிடும். சொல் கேட்காவிட்டாலும் அந்த எரிச்சல் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எடின்பரோவில் ஒரு சிறுவன் தன் அம்மாவிடம் ஏன் கத்தவில்லை? அம்மாவுக்கு எது எட்டுகிறது என்பதை அவன் அம்மாவின் பக்கம் நின்று யோசித்துப் பார்த்திருக்கிறான். ஒலி என்பது காதில் விழும் பொருள் மட்டும் அன்று, அது ஓர் அதிர்வு, எலும்பையும் மரப்பலகையையும் கடந்து செல்லும் என்ற பாடத்தை எந்தக் கல்லூரியும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அம்மாவின் நெற்றிதான் சொல்லித்தந்தது.

தந்தை மெல்வில் பெல் 'காணும் பேச்சு' என்றொரு எழுத்துமுறையை உருவாக்கியிருந்தார். நா, உதடு, தொண்டை ஆகியவை ஓர் ஒலியை எழுப்பும்போது எந்நிலையில் இருக்கின்றன என்பதைக் காட்டும் குறியீடுகள் அவை. எழுத்துகள் உடம்பில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் ஆராய்ந்திருப்பதைத் தமிழ் வகுப்பில் படித்த நமக்கு இந்த எண்ணம் புதிதாக இராது. கேட்டே அறியாத ஒலியைக்கூட இந்தக் குறியீட்டைப் பார்த்து ஒலிக்கலாம். மகனை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவையோர் எழுப்பும் விநோத ஒலிகளைத் தந்தை குறியீடுகளாக எழுதுவார். மகன் உள்ளே வந்து அவற்றைப் பார்த்து அப்படியே ஒலித்துக் காட்டுவான். அவையோர் கைதட்டுவர். இதைக் காது கேளாதோருக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் விரைவிலேயே வேர் பிடித்தது.

பிறகு குடும்பத்தில் இடி விழுந்தது. தம்பி எட்வர்ட் 1867இல் காசநோயால் இறந்தார். அண்ணன் மெல்வில் 1870இல் அதே நோயால் இறந்தார். எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று பெற்றோர் அந்த ஆண்டே கடல் கடந்து கனடா நாட்டின் பிராண்ட்ஃபோர்டு என்னும் ஊரில் குடியேறினர். அடுத்த ஆண்டு, 1871இல், பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் குரல் உடலியல் பேராசிரியரும் ஆனார். அப்போது அவருக்கு வயது 26. முறையான பட்டப்படிப்பை அவர் முடித்ததில்லை என்பது பட்டத்திற்காக இரவு பகலாகப் படிக்கும் நமக்குக் கொஞ்சம் பொறாமையைத் தரலாம்!

பாஸ்டனில் அவரிடம் வந்த மாணவர்களுள் இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது மாணவன் ஜார்ஜ் சாண்டர்ஸ், ஐந்து வயதுச் சிறுவன், பிறவியிலேயே காது கேளாதவன். அவன் தந்தை தாமஸ் சாண்டர்ஸ் தோல் வணிகர். சிறுவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கு ஈடாக, சேலம் என்னும் ஊரில் (நம் சேலம் அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்) அவன் பாட்டி வீட்டில் பெல்லுக்குத் தங்குமிடமும் உணவும் கிடைத்தன. பெல் ஒரு கையுறையை எடுத்து அதன் விரல்களிலும் உள்ளங்கையிலும் எழுத்துகளை எழுதினார். எழுத்துகளை வரிசையாகத் தொட்டுத் தொட்டு ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொண்டனர். கடைத்தெருவுக்குப் போனாலும் கையுறையோடு போகலாம், பாடம் நிற்காது. இரவில் பிள்ளை தூங்கியபின் அதே வீட்டில் பெல்லின் மின்சார ஆராய்ச்சி தொடங்கும்.

இரண்டாவது மாணவி மேபெல் ஹப்பர்ட். ஐந்து வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டு செவிப்புலனை இழந்தவர். பிறர் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். தந்தை கார்டினர் கிரீன் ஹப்பர்ட் புகழ்பெற்ற வழக்கறிஞர். மகளுக்காகவே காது கேளாதோர் கல்வியில் இறங்கியவர். மேபெல் பெல்லிடம் மாணவியாகச் சேர்ந்தபோது வயது 15.

பகலில் கற்பித்தல், இரவில் ஆராய்ச்சி என்று உழைத்து பெல்லின் உடல்நலம் கெட்டது. ஏதாவது ஒன்றை விடவேண்டிய நிலை. நல்ல வருமானம் தந்துகொண்டிருந்த தனி வகுப்புகளை அவர் விட்டுவிட்டார். மாதச் செலவுக்கு வேறு வழியில்லாதவன் வருமானத்தை விடுவது என்றால் என்ன என்பது என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு நன்கு விளங்கும். அப்போதும் இரண்டு மாணவர்களை மட்டும் அவர் விடவில்லை. ஒருவன் ஜார்ஜ், மற்றவர் மேபெல். பிற்காலத்தில் பெல்லின் ஆராய்ச்சிக்குப் பணம் தந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜார்ஜின் தந்தை, மற்றவர் மேபெலின் தந்தை.

பணம் வந்த கதையும் சுவையானது. நம் இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானிச் சோதனை செய்யாதவர் இல்லை. கம்பியின்மேல் மடித்த காகிதத் துண்டு ஒன்றை ஏற்றிவைத்து, அதிரும் இசைக்கவையைப் பெட்டியின்மீது ஊன்றுவோம். கம்பியின் நீளம் சரியாக அமையும்வரை காகிதம் சும்மா இருக்கும். சரியாக அமைந்த நொடியில் துள்ளி விழும். இதனை நாம் ஒத்ததிர்வு என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குப் 'பரிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான சொல்! ஒன்று அதிரும்போது தொடாமலே மற்றொன்றும் அதிர்வதற்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? 1874ஆம் ஆண்டு இறுதியில் ஒருநாள் பெல், ஹப்பர்ட் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்தி, பியானோவினுள் ஒரு சுரத்தைப் பாடினார். அந்தச் சுரத்திற்குரிய கம்பி மட்டும் தானாக அதிர்ந்து பதில் பாடியது. இதே முறையில் ஒரே கம்பியில் பல தந்திகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்று பெல் விளக்கினார். வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தந்தி மூலம் பெரும்பொருள் ஈட்டலாம் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

ஆனால் பெல்லின் மனம் அதற்குள் தந்தியைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அதற்குக் காரணம் ஓர் இறந்த மனிதனின் காது. தம் மாணவர்கள் தங்கள் பேச்சைக் கண்ணால் காண ஒரு கருவி வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். காது மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக், இறந்தவர் ஒருவரின் செவியைச் செவிப்பறையோடும் உட்செவி நோக்கிய சிற்றெலும்புகளோடும் அவருக்குக் கொடுத்தார். 1874ஆம் ஆண்டுக் கோடையில், பிராண்ட்ஃபோர்டில் பெற்றோர் வீட்டில், பெல் அந்த எலும்பில் ஒரு துரும்பை ஒட்டினார். காதருகே பேசினால் செவிப்பறை அதிரும், எலும்பு அசையும், துரும்பு கரிபிடித்த கண்ணாடித் தகட்டின்மேல் அலையலையாகக் கோடு கிழிக்கும். குழந்தைகளுக்கு இதனால் என்ன பயன் கிடைத்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பெல்லுக்கு ஒரு கேள்வி எழுந்தது. மெல்லிய காகிதம்போன்ற இந்தச் சிறு சவ்வு, தன்னைவிடக் கனமான எலும்புகளை அசைக்கிறதே. சற்றுப் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை ஏன் அசைக்காது? அந்த இரும்பு காந்தத்தின்முன் அசைந்தால், காற்றில் குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே மின்னோட்டமும் ஏறி இறங்குமே!

தொலைபேசி அங்கேதான் பிறந்தது. தந்தி வல்லுநர்கள் மின்னோட்டத்தை விட்டுவிட்டு ஓடச்செய்வதிலேயே பழகியவர்கள். கட், கடகட என்ற ஓசைக்கு அது போதும். மனிதக் குரலுக்குப் போதாது. அலைபோன்ற மின்னோட்டம் வேண்டும் என்பதைக் குரலையும் காதையும் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த ஒருவரால்தான் காணமுடிந்தது.

1875 ஜூன் 2ஆம் நாள், உதவியாளர் தாமஸ் வாட்சன் அடுத்த அறையில் ஒட்டிக்கொண்ட ஓர் எஃகுத் தகட்டைச் சுண்டியபோது, அதன் ரீங்காரம் கம்பி வழியே வந்ததைப் பெல்லின் பழகிய காது கண்டுகொண்டது. 1876 மார்ச் 7ஆம் நாள் 1,74,465 என்ற எண்ணுடன் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 10 அன்று, பெல் கருவியில் பேசி வாட்சனைத் தம்மிடம் வரச் சொன்னார். அடுத்த அறையிலிருந்த வாட்சன் ஒவ்வொரு சொல்லும் கேட்டு ஓடிவந்தார்.

இதற்கிடையே ஒரு சோதனை நிகழ்ந்தது. பெல் மேபெலைக் காதலித்தார். தொலைபேசி, காது கேளாதோர் பள்ளி என்று நேரத்தை வீணாக்காமல் தந்தியில் மட்டும் கவனம் செலுத்தினால் திருமணமும் உண்டு, பண உதவியும் உண்டு என்று ஹப்பர்ட் 1875இல் பேரம் பேசினார். பெல் மறுத்துவிட்டார். தம் ஆசிரியத் தொழிலோடு தம்மை ஏற்பவரே தமக்கு மனைவியாக முடியும் என்பது அவர் நிலை. அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள், தம் பதினெட்டாம் பிறந்தநாளன்று, மேபெல் தாமே சம்மதம் தெரிவித்தார். தந்தையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1876ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. பெல்லுக்கு அங்குச் செல்ல மனமில்லை. தம் மாணவர்களுக்குத் தேர்வு நெருங்கிவிட்டது என்றார். (தேர்வு என்றால் ஆசிரியர்களும் அஞ்சுவார்கள் போலும்!) மேபெல் அவரை வண்டியில் ஏற்றி இரயில் நிலையத்திற்கு அழைத்துப் போய்ப் பயணச்சீட்டையும் கையில் கொடுத்துவிட்டார். பெல் வாதாடத் தொடங்கியதும் மேபெல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். உதட்டைப் பார்க்காவிட்டால் அவருக்கு ஒரு சொல்லும் கேட்காதே! பெல் இரயில் ஏற வேண்டியதாயிற்று.

ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. கடும் வெயில். பெல்லின் கருவி ஒரு மூலையில், கல்விப் பிரிவில் இருந்தது. நடுவர்கள் களைத்துப்போய்ப் பார்வையை முடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தனர். அவர்களோடு வந்திருந்த பிரேசில் நாட்டுப் பேரரசர் இரண்டாம் பெட்ரோ பெல்லை அடையாளம் கண்டுகொண்டு கைகொடுத்தார். சில நாட்களுக்கு முன்பு பாஸ்டனில் காது கேளாதோர் பள்ளியைப் பார்வையிட்டபோது அந்த ஆசிரியரை அவர் சந்தித்திருந்தார். அரசரே நின்றுவிட்டபின் நடுவர்கள் நடக்க முடியுமா? பேரரசர் கருவியைக் காதில் வைத்துத் திகைத்தார். அதைக் காதில் வைத்த மற்றொருவர் சர் வில்லியம் தாம்சன், நம் வெப்பவியல் புத்தகங்களில் வரும் கெல்வின் பிரபு. அதன்பின் உலகம் அறிந்ததே. காது கேளாத குழந்தைகளின் வகுப்பறையில் ஏற்பட்ட ஒரு பழக்கம் இல்லாவிட்டால் அந்தக் கருவி அன்று மூலையிலேயே கிடந்திருக்கும்.

1877 ஜூலை 11ஆம் நாள் திருமணம் நடந்தது. பெல் தொலைபேசிக் கம்பெனியில் தமக்கு இருந்த 1,507 பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதி 1,497ஐயும் மனைவிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். அன்று அவற்றின் மதிப்பு பெரிதன்று. பின்னர் அதுவே பெருஞ்செல்வமாயிற்று. கண்டுபிடிப்பு யாருடையது என்று நூற்றுக்கணக்கான வழக்குகள் தொடுக்கப்பட்டன. எலிஷா கிரே என்பவரும் பெல் விண்ணப்பித்த அதே நாளில் தம் குறிப்பைப் பதிவு செய்திருந்தார். நீதிமன்றங்களில் பெல்லே வென்றார். அந்த வழக்குகளுக்குள் நான் போகவில்லை.

1880இல் பிரெஞ்சு அரசு 50,000 பிராங்குகள் கொண்ட வோல்டா பரிசை அளித்தது. அதைக்கொண்டு ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கே ஒலிப்பதிவுக் கருவியைச் செம்மைப்படுத்தியதில் கிடைத்த தம் பங்குப் பணத்தைக் கொண்டு, 1887இல் காது கேளாமை பற்றிய அறிவைப் பரப்ப வோல்டா நிலையத்தை நிறுவினார். ஹெலன் கெல்லரின் தந்தை, கண்ணும் காதும் இழந்த ஆறு வயது மகளை 1886இல் பெல்லிடம் அழைத்து வந்தார். பெல் அக்குழந்தையை மடியில் அமர்த்தித் தம் கடிகாரத்தின் அதிர்வை உணரச் செய்தார். பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதுமாறு தந்தைக்கு வழிகாட்டினார். அங்கிருந்து ஆன் சல்லிவன் வந்தார். 1903இல் வெளிவந்த தம் வாழ்க்கைக் கதையை ஹெலன் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

இதோடு நிறுத்திவிட்டால் கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் உண்மை முழுமையாகாது. உலகெங்கும் காது கேளாதோரில் பலர் இன்றும் பெல்லின் பெயரைக் கசப்போடுதான் சொல்கிறார்கள். காது கேளாதோர் சைகை மொழியை விட்டுவிட்டு வாயால் பேசப் பழக வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். காது கேளாதோர் தமக்குள்ளேயே மணந்துகொண்டால் காது கேளாத ஒரு மனித வகையே உருவாகிவிடும் என்று 1883இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின்முன் கட்டுரை படித்தார். காது கேளாத ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து விலக்குவதும் அவர் சொன்ன வழிகளுள் ஒன்று. தாயின் நெற்றியருகே மெல்லப் பேசிய அதே மனிதரா இவர்?

வாஷிங்டனில் காது கேளாதோர் கல்லூரியின் தலைவராக இருந்த எட்வர்டு மைனர் கேலடட் இவரைக் கடுமையாக எதிர்த்தார். வியப்பு என்னவென்றால் கேலடட்டின் தாயும் காது கேளாதவர். ஒருவர் தாய் பேசக்கூடியவர். மற்றவர் தாய் பிறவியிலேயே கேளாதவர், சைகையாலேயே மக்களை வளர்த்தவர். இரு பிள்ளைகளும் அவரவர் தாயைக்கொண்டே உலகை அளந்தார்கள். பெல் நேசித்த இரு பெண்களும், தாயும் மனைவியும், வாயால் பேசினர். அதனால் எல்லோராலும் அது முடியும், எல்லோருக்கும் அதுவே நல்லது என்று எண்ணிவிட்டார் என்பது என் கருத்து. பிறவியிலேயே கேளாதவர்கள் தங்களுக்கு எது வேண்டும் என்று கைகளால் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சைகை மொழி பெல்லுக்குத் தெரியாததன்று. கேட்க மனம் வரவில்லை. தம் இளமையில் அவர்களைக் கவனித்ததால் அவர் அடைந்தது தொலைபேசி. முதுமையில் கவனிக்க மறுத்ததால் இழந்தது அவர்களுடைய அன்பு. தமக்கு மிக நெருங்கியவர்கள் என்று அவர் கருதிய மக்களே அவரிடமிருந்து விலகினர். பள்ளிகளில் சைகை மொழியை விலக்க வேண்டும் என்று 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு தீர்மானித்திருந்தது; 2010இல் வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாடு அத்தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் எத்தனையோ குழந்தைகள் வகுப்பறையில் கையை அசைத்ததற்காகத் தண்டனை பெற்றுவிட்டனர்.

பெல் இறுதிவரை தம்மைக் காது கேளாதோரின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார். 1922 ஆகஸ்ட் 2ஆம் நாள், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், தாம் கட்டிய இல்லத்தில், மேபெல் அருகிலிருக்க உயிர் நீத்தார். ஆகஸ்ட் 4 அன்று மாலை அடக்கம் நடந்த வேளையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஒலியடங்கி நின்றன. மேபெல் அடுத்த ஆண்டு சனவரி 3ஆம் நாள் மறைந்தார். இருவரும் அந்தக் குன்றின் உச்சியிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.